வீட்டில் செஞ்ச கற்றாழை ஜெல் ஏன் பத்தே நாளில் கெட்டுப்போகுது? காஸ்மெட்டிக் கெமிஸ்ட்கிட்ட கேட்க வேண்டிய கேள்விகள்!

``அக்கா, ஒண்ணு கேக்கணும்... கற்றாழை ஜெல்லு மேல கறுப்பா புள்ளி புள்ளியா வருது. வைட்டமின் ஈ கேப்ஸ்யூல்கூட ஒடைச்சு ஊத்திதான் வச்சேன். ஏன்க்கா இப்படி ஆவுது?''

ஓட்டப்பிடாரத்தில் இருக்கும் என் சித்தி மகள் ஒருநாள் ராத்திரி அனுப்பிய வாய்ஸ் நோட் இது. கூடவே ஒரு போட்டோ. அழகான கண்ணாடி பாட்டில், அதில் அவளே டிசைன் செய்த லேபிள், உள்ளே பூஞ்சை.

வ.உ.சி பிறந்த ஊர், பக்கத்திலேயே பாஞ்சாலங்குறிச்சி என்றுதான் ஓட்டப்பிடாரத்தை நமக்குத் தெரியும். அந்தக் கரிசல் காட்டு வரப்புகளில் கற்றாழைக்குப் பஞ்சமே இல்லை. பி.எஸ்சி முடித்துவிட்டு வீட்டில் இருந்தவள், யூடியூப் பார்த்து ஜெல் செய்ய ஆரம்பித்தாள். இன்ஸ்டாவில் ஒரு பக்கம், வாட்ஸ்அப்பில் ஸ்டேட்டஸ், கோவில்பட்டிக்கும் தூத்துக்குடிக்கும் கூரியர் என நன்றாகத்தான் போய்க்கொண்டிருந்தது. ஒரு கஸ்டமருக்கு முகத்தில் சிவப்பாகத் தடித்துப்போய், `கடையில வாங்கினதுல இப்படி ஆகலையே' என்று மெசேஜ் வந்த பிறகுதான் எனக்கு இந்த வாய்ஸ் நோட்.

எனக்கும் பதில் தெரியவில்லை. `டாக்டரைக் கேளு' என்று சொல்லியிருக்கலாம். ஆனால், முகத்துக்கு வந்த பிரச்னைக்குத்தான் டாக்டர். பாட்டிலுக்குள் நடந்த பிரச்னைக்கு யாரைக் கேட்பது?

அதற்கென்றே ஒரு தொழில் இருக்கிறது. பெயர், காஸ்மெட்டிக் கெமிஸ்ட். நீங்கள் காலையில் எடுக்கிற டூத்பேஸ்ட்டில் தொடங்கி, ராத்திரி பூசும் நைட் க்ரீம் வரை எல்லாவற்றின் ஃபார்முலாவும் இவர்கள் கையில் உருவானதுதான். இவர்களுக்கு உலகம் முழுக்கச் சங்கங்களும் உண்டு. அமெரிக்காவில் 1945-லேயே ஆரம்பித்துவிட்டார்கள். இப்படிப் பல நாட்டுச் சங்கங்களும் சேர்ந்து 1959-ல் சர்வதேசக் கூட்டமைப்பு ஒன்றை உருவாக்கின. சுருக்கமாக ஐ.எஃப்.எஸ்.சி.சி. அதில் இந்தியா சார்பில் இருப்பது, மும்பையை மையமாகக் கொண்ட `இந்தியன் சொசைட்டி ஆஃப் காஸ்மெட்டிக் கெமிஸ்ட்ஸ்'.

``அது பெரிய கம்பெனிக்காரங்க கோட் சூட் போட்டுக்கிட்டுப் போற இடம்தானேக்கா?'' என்றாள் தங்கை. ஓரளவு உண்மைதான். ஆனால், அங்கே பேசப்படும் விஷயம் என்ன தெரியுமா? அவளுடைய பாட்டிலில் வந்த கறுப்புப் புள்ளிதான்!

எல்லாப் பிரச்னைக்கும் காரணம் தண்ணீர்

கற்றாழை ஜெல்லில் கிட்டத்தட்ட 99 சதவிகிதம் தண்ணீர். மிச்சம் இருக்கும் ஒரு சதவிகிதத்தில் சர்க்கரைப் பொருள்கள், தாது உப்புகள் எல்லாம் இருக்கின்றன. தண்ணீரும் சாப்பாடும் ஒரே இடத்தில் கிடைத்தால் பாக்டீரியாவும் பூஞ்சையும் சும்மா இருக்குமா? தோசை மாவு புளிக்கிற அதே கதைதான். மாவு புளித்தால் வாசம் காட்டிக்கொடுத்துவிடும். க்ரீமில் அப்படி இல்லை. பார்க்க நன்றாக இருக்கும், ரோஜா வாசம்கூட வரும், உள்ளே கிருமி லட்சக்கணக்கில் பெருகியிருக்கும். கறுப்புப் புள்ளி கண்ணில் படுவது கடைசிக் கட்டம்.

வைட்டமின் ஈ போட்டாளே என்கிறீர்களா? அங்கேதான் பெரும்பாலான ரீல்ஸ் நம்மை ஏமாற்றுகின்றன. வைட்டமின் ஈ ஓர் ஆன்டிஆக்ஸிடன்ட். எண்ணெய் சிக்கு வாடை அடிக்காமல் தள்ளிப்போடும், அவ்வளவுதான். கிருமியை அது தடுக்காது. எண்ணெய் கெடுவது வேறு, தண்ணீரில் கிருமி வளர்வது வேறு. எசென்ஷியல் ஆயில் இரண்டு சொட்டு விட்டாலும் இதே நிலைதான். கூடுதலாக அலர்ஜியும் வரலாம்.

தண்ணீர் இருக்கிற எந்தப் பொருளுக்கும் ப்ரிசர்வேட்டிவ் தேவை. `கெமிக்கல் ஃப்ரீ' என்று பெருமையாக எழுதுகிறோமே, தண்ணீரும் கெமிக்கல்தான். இப்போது பரவலாகப் பயன்படும் ஃபீனாக்ஸி எத்தனாலை 1 சதவிகிதத்துக்கு மேல் போடக்கூடாது. ஊறுகாயிலும் சாஸிலும் போடுகிற சோடியம் பென்சோவேட்டை சிலர் ஜெல்லில் கலக்கிறார்கள். அது புளிப்பான, அதாவது அமிலத்தன்மை உள்ள கலவையில்தான் வேலை செய்யும். பி.ஹெச் 5-க்கு மேலே போனால் அது இருந்தும் இல்லாத மாதிரிதான். எதைப் போடுவது என்பதோடு, எவ்வளவு, எந்த பி.ஹெச்-சில் என்பதும் தெரிந்திருக்க வேண்டும். ரெசிப்பி வீடியோவில் இது வராது.

சரி, போட்ட ப்ரிசர்வேட்டிவ் வேலை செய்கிறதா என எப்படிக் கண்டுபிடிப்பது? காஸ்மெட்டிக் கெமிஸ்ட்கள் செய்கிற காரியத்தைக் கேட்டால் ஆச்சர்யப்படுவீர்கள். க்ரீமுக்குள் அவர்களே வேண்டுமென்று கிருமிகளைப் போடுகிறார்கள்! மூன்று வகை பாக்டீரியா, ஒரு ஈஸ்ட், ஒரு பூஞ்சை. பிறகு 7-ம் நாள், 14-ம் நாள், 28-ம் நாள் என எண்ணிப் பார்க்கிறார்கள். எண்ணிக்கை சொன்னபடி சரிந்தால் பாஸ். இதன் பெயர் சேலஞ்ச் டெஸ்ட். ஐ.எஸ்.ஓ 11930 என்று இதற்கு சர்வதேச அளவுகோலே இருக்கிறது. `ஒரு மாசம் ஃப்ரிட்ஜ்ல வச்சேன், ஒண்ணும் ஆகலை' என்பது டெஸ்ட் ஆகாது. ஏனென்றால், வாங்குகிறவர் பாத்ரூமில் வைத்து, ஈர விரலை உள்ளே விட்டுத்தான் எடுப்பார்.

இன்னொரு டெஸ்ட்டும் நம் ஊருக்கு ரொம்ப முக்கியம். 40 டிகிரி சூட்டில் மாதக்கணக்கில் வைத்து, க்ரீம் பிரிகிறதா, நிறம் மாறுகிறதா என்று பார்ப்பார்கள். க்ரீம் என்பது சண்டை போடுகிற எண்ணெயையும் தண்ணீரையும் ஓர் எமல்சிஃபையர் கையைப் பிடித்து இழுத்து வைத்திருக்கும் விஷயம். மே மாத வெயிலில் ஓட்டப்பிடாரத்திலிருந்து கிளம்பும் கூரியர் வண்டிக்குள் அந்தப் பிடி எவ்வளவு நேரம் தாங்கும் என்று நினைக்கிறீர்கள்?

வீட்டில் சன்ஸ்க்ரீன் செய்கிறவர்களுக்கு ஒரே வார்த்தை: வேண்டாம். ஜிங்க் ஆக்ஸைடு பவுடரைத் தேங்காய் எண்ணெயில் குழைத்தால் கட்டி கட்டியாக நிற்கும், இடைவெளியில் வெயில் உள்ளே போகும். எஸ்.பி.எஃப் எண்ணைக் கணக்குப்போட்டு எழுத முடியாது. குறைந்தது 10 பேர் தோலில், சதுர சென்டிமீட்டருக்கு 2 மில்லிகிராம் அளவில் பூசிப் பார்த்துத்தான் அந்த எண் வருகிறது. உப்பளத்து வெயிலில் நிற்கிறவருக்கு `ஹோம்மேட் எஸ்.பி.எஃப் 50' விற்பது விளையாட்டு இல்லை.

சங்கத்தில் நமக்கு என்ன இருக்கு?

இந்தச் சங்கங்களின் நிகழ்ச்சி நிரலைப் பார்த்தால் முதலில் தலை சுற்றும். கருத்தரங்கம், பயிலரங்கம், மாணவர்களுக்கான போஸ்டர் போட்டி, வெபினார் என்று நீளும். சர்வதேசக் கூட்டமைப்பின் காங்கிரஸ் 2023-ல் பார்சிலோனா, 2024-ல் பிரேசிலின் இகுவாசு, 2025-ல் பிரான்ஸின் கான் நகரம் என ஊர் ஊராகப் போகிறது. அதற்கு நாம் போகப்போவதில்லை. நமக்குத் தேவை, இந்தியச் சங்கம் அடுத்து அறிவிக்கும் நிகழ்ச்சிகளில் மூன்றே மூன்று வார்த்தைகள்: ப்ரிசர்வேஷன், ஸ்டெபிலிட்டி, ரெகுலேஷன். இந்த மூன்றில் ஒன்று தலைப்பில் இருந்தால் விடாதீர்கள். ஆன்லைனில் என்றால் போன் போதும். நேரில் என்றால் பெரும்பாலும் மும்பை. டிக்கெட், தங்கும் செலவு எல்லாம் சேர்த்தால் நம் மாதிரி ஆட்களுக்குக் கைக்கடிக்கும் என்பதையும் சொல்லிவிடுகிறேன். தெற்கே மதுரையிலோ திருநெல்வேலியிலோ வருஷத்துக்கு ஒரு பயிலரங்கம் நடந்தால் எத்தனை பாட்டில்கள் தப்பிக்கும்!

பி.ஃபார்ம் படிக்கிறவர்களுக்கு இன்னொரு தகவல். உங்கள் எட்டாவது செமஸ்டர் விருப்பப் பாடங்களில் `காஸ்மெட்டிக் சயின்ஸ்' இருக்கிறது. `மார்க் வராது' என்று பலரும் தாண்டிப்போகும் பாடம், ஒரு வேலைக்கான கதவு.

சின்ன ஊரில் இருந்துகொண்டு இதெல்லாம் நடக்குமா என்று கேட்டால், தமிழ்நாட்டிலேயே பதில் உண்டு. ஷாம்பூவை சாஷேயில் அடைத்து விற்கும் யோசனையைப் பிடித்தவர் கடலூர் சின்னி கிருஷ்ணன். அவர் மகன் சி.கே.ரங்கநாதன் 1983-ல் 15,000 ரூபாயில் தொடங்கியதுதான் சிக் ஷாம்பூ. 1969-ல் மெடிமிக்ஸ் சோப்பை உருவாக்கிய டாக்டர் வி.பி.சித்தன், சென்னையில் ரயில்வே மருத்துவராக இருந்தவர். ஊழியர்களின் தோல் பிரச்னைக்காகக் கையால் செய்த சோப் அது.

நம் கடற்கரைக்கும் இந்தத் தொழிலில் பங்கு இருக்கிறது. முத்துக்குப் பேர்போன ஊர் என்பதால், நெயில் பாலிஷின் முத்துப் பளபளப்பு முத்திலிருந்து வருகிறது என்று நினைத்துவிடாதீர்கள். முன்பு அதற்கு மீன் செதிலிலிருந்து எடுத்த பொருளைப் பயன்படுத்தினார்கள். இப்போது பெரும்பாலும் டைட்டானியம் டை ஆக்ஸைடு பூசிய மைக்கா. ஆனால், ராமநாதபுரம், தூத்துக்குடி கடலில் மூங்கில் மிதவை கட்டிப் பெண்கள் வளர்க்கிறார்களே கப்பாபைகஸ் பாசி, அதிலிருந்து எடுக்கும் கராஜீனன்தான் பல டூத்பேஸ்ட்டுகளையும் லோஷன்களையும் கெட்டியாக வைத்திருக்கிறது.

லைசென்ஸ் இல்லாம வித்தா?

இங்கேதான் தங்கை அமைதியானாள். இந்தியாவில் `காஸ்மெட்டிக்ஸ் ரூல்ஸ் 2020' என்று தனி விதிகளே உண்டு. விற்பதற்காகத் தயாரித்தால், மாநில மருந்துக் கட்டுப்பாட்டுத் துறையிடம் உரிமம் வாங்க வேண்டும். வாட்ஸ்அப்பில் விற்றாலும் விற்பனைதான். `நலங்கு மாவுகூடவாக்கா?' என்றாள். ஆமாம், முகத்துக்குப் பூச விற்றால் அதுவும்தான். சித்தா, ஆயுர்வேத முறையில் தயாரித்தால் உரிமம் தருகிற துறையும் படிவமும் வேறு, ஆனால் உரிமம் வேண்டும்.

உரிமத்துக்குத் தயாரிப்பு இடம் சுகாதாரமாக இருக்க வேண்டும், குடியிருக்கும் வீட்டோடு சேர்ந்திருக்கக்கூடாது. தகுதியுள்ள தொழில்நுட்ப நபர் ஒருவர் முழுநேரமாக இருக்க வேண்டும். சமையலறை ஃபேக்டரி ஆகாது என்று அர்த்தம். இதற்கு வசதி இல்லாதவர்களுக்காகவே `லோன் லைசென்ஸ்' என்ற வழி இருக்கிறது. ஏற்கெனவே உரிமம் பெற்ற ஒருவரின் தொழிற்சாலையில், உங்கள் பெயரில் பொருளைத் தயாரித்துக்கொள்ளலாம். மாவட்டத் தொழில் மையத்துக்குப் போகும்போது கடனைப் பற்றி மட்டும் கேட்காமல் இதையும் கேளுங்கள்.

வாங்குகிறவர்களுக்கும் இதே விதிகள் உதவும். லேபிளில் தயாரித்தவரின் முழு முகவரி, பேட்ச் நம்பர், லைசென்ஸ் நம்பர், எந்தத் தேதிக்குள் பயன்படுத்த வேண்டும், என்னென்ன சேர்த்திருக்கிறார்கள் என்ற பட்டியல் எல்லாம் இருக்க வேண்டும். வெறும் போன் நம்பரும் ஒரு பூ படமும் மட்டும் இருந்தால், வைத்துவிட்டு வந்துவிடுங்கள்.

முக்கியமாக, `ஏழே நாளில் சிவப்பழகு' க்ரீம்கள். கேரளாவின் மலப்புரம் மாவட்டத்தில் கோட்டக்கல் சிறுநீரக மருத்துவர்கள், 2021 ஜூலை முதல் 2023 செப்டம்பர் வரை ஒரு குறிப்பிட்ட சிறுநீரகப் பாதிப்போடு வந்த 22 பேரை ஆராய்ந்தார்கள். அதில் 15 பேருக்கு அரிதான ஒரு வகை. அந்த 15 பேரில் 13 பேர் முகத்தைச் சிவப்பாக்கும் க்ரீம் பூசியவர்கள். காரணம், பாதரசம். தோலுக்கு நிறம் தரும் மெலனின் உருவாவதை அது தடுக்கும், அதனால்தான் அவ்வளவு சீக்கிரம் `ரிசல்ட்'. பிறகு தோல் வழியே ரத்தத்துக்குப் போய் சிறுநீரகத்தைத் தொடும். காலில் வீக்கம், சிறுநீரில் நுரை என்று போய் நிற்கும்போதுதான் க்ரீம் ஞாபகத்துக்கு வரும். நம் விதிப்படி சாதாரண அழகுப் பொருளில் தெரியாமல் கலந்த பாதரசம்கூட பத்து லட்சத்தில் ஒரு பங்கைத் தாண்டக்கூடாது. வேண்டுமென்றே கலப்பவர்கள் லேபிளில் எழுத மாட்டார்கள். அப்படியே எழுதினாலும் `கேலோமெல்', `மெர்குரிக்' என்று வாயில் நுழையாத பெயராக இருக்கும். வேகமாகச் சிவப்பாக்குகிறது என்பதே எச்சரிக்கைதான். ஏற்கெனவே பூசுகிறீர்கள் என்றால் நிறுத்திவிட்டு, டப்பாவையும் கையோடு எடுத்துக்கொண்டு டாக்டரிடம் போங்கள்.

தங்கை அந்த கஸ்டமருக்குப் பணத்தைத் திருப்பிக் கொடுத்துவிட்டாள். `தோல் டாக்டரைப் பாருங்க, பாட்டிலையும் காட்டுங்க' என்று அவளே மெசேஜும் போட்டாள். அதை அனுப்ப அவளுக்கு ரெண்டு நாள் ஆனது. மிச்சம் இருந்த 11 பாட்டில்களைக் கொட்டிவிட்டு, இப்போது தூத்துக்குடி போய் லோன் லைசென்ஸ் விவரம் கேட்க ஒரு நோட்டில் கேள்விகள் எழுதிக்கொண்டிருக்கிறாள். முதல் கேள்வியை எனக்கு அனுப்பினாள்.

``சேலஞ்ச் டெஸ்ட் எங்கக்கா பண்ணுவாங்க, எம்புட்டு ஆகும்?''