சாக்லேட் தின்றால் எடை குறையுமா? - சதவீதத்தைப் படிக்கும் விதம்

வங்கியில் இருந்த காலமெல்லாம் சதவீதத்தோடுதான் குடித்தனம். இப்போது மண்ணோடு. ஆனாலும் ‘ஆய்வில் கண்டுபிடிப்பு’ என்று ஒரு செய்தி வந்தால் கண் முதலில் எண்ணைத்தான் தேடுது. இயற்கை விவசாயிகளான நமக்கு ஆதரவாகவும் எதிராகவும் தினம் ஒரு ஆய்வு வந்து விழுகிறது. அதைப் படிக்கும் விதம் தெரிய இரண்டு உண்மைக் கதைகளைச் சொல்கிறேன்.

சாக்லேட் கதை

2015-ல் ஜான் பொஹானன் என்ற அறிவியல் பத்திரிகையாளரும் ஒரு ஆவணப்படக் குழுவும் ஜெர்மனியில் வேண்டுமென்றே ஒரு மட்டமான ஆய்வு செய்தார்கள். மாவுச்சத்தைக் குறைத்துச் சாப்பிட்டவர்களில் ஒரு பிரிவினருக்கு மட்டும் தினமும் கறுப்பு சாக்லேட். மூன்று வாரத்தில் அந்தப் பிரிவுக்கு எடை 10 சதவீதம் வேகமாகக் குறைந்ததாம்! காசு வாங்கிக்கொண்டு ஒரு ஆய்விதழ் அதை வெளியிட்டது. ஜெர்மனியின் ‘பில்ட்’ நாளிதழ் முதல் பக்கத்திலேயே போட்டது. அப்புறம் பொஹானனே குட்டை உடைத்தார்.

இதில் எண் எதுவும் பொய்யில்லை. வெறும் 15 பேரிடம் 18 விஷயங்களை அளந்தார்கள்: எடை, கொழுப்பு, தூக்கம் இப்படி. ஒரு விஷயம் தற்செயலாகத் தேறிவிடும் வாய்ப்பு 20-ல் 1 என்பது வழக்கமான கணக்கு. 18 தடவை சீட்டு எடுத்தால்? ஒன்றாவது விழும் வாய்ப்பு சுமார் 60 சதவீதம். விழுந்த சீட்டை மட்டும் ஊருக்குக் காட்டினார்கள், அவ்வளவுதான்.

நம் வயலிலும் இதே கதை நடக்கலாம். ஒரு பாத்தியில் புதுக் கரைசலைத் தெளித்துவிட்டு உயரம், தூர், வேர் நீளம், கதிர் நீளம், மணி எடை என்று அளந்துகொண்டே போனால், ஏதாவது ஒன்று கூடத்தான் செய்யும்.

முப்பதா, எண்பதா?

2012-ல் அமெரிக்காவின் ஸ்டான்ஃபோர்டு ஆய்வாளர்கள் 200-க்கும் மேற்பட்ட ஆய்வுகளைத் தொகுத்தார்கள். இயற்கை விளைபொருளில் பூச்சிக்கொல்லி எச்சம் ‘30 சதவீதம் குறைவு’ என்று செய்தி வந்தது. உள்ளே போய்ப் பார்த்தால், சாதாரண விளைபொருள் மாதிரிகளில் 100-க்கு 38-ல் எச்சம் இருந்தது. இயற்கை மாதிரிகளில் 100-க்கு 7-ல். அந்த 30 என்பது இரண்டுக்கும் நடுவே உள்ள இடைவெளி, அதாவது சதவீதப் புள்ளி. வட்டி 8-லிருந்து 10 ஆனால் கூடியது 2 புள்ளி. ஆனால் நாம் கட்டும் வட்டி 25 சதவீதம் கூடிவிடுகிறது இல்லையா? அதே கணக்குதான். 38 என்பது 7 ஆனால் குறைவு சுமார் 80 சதவீதம்.

உடனே ‘80 சதவீதம்’ என்று துண்டறிக்கை அடித்துவிடாதீர்கள். அனுமதித்த அளவைத் தாண்டிய எச்சம் இரண்டு வகையிலும் அபூர்வம் என்று அதே ஆய்வு சொன்னது. வைட்டமின் சத்தில் குறிப்பிடும்படியான வித்தியாசம் இல்லை என்றும் சொன்னது. பிடித்ததை எடுத்துக்கொண்டு மற்றதை மறைத்தால் நாமும் சாக்லேட் வியாபாரிதான். விவரம் தெரிந்த வாடிக்கையாளர் ஒருவர் கேட்டுவிட்டால் நம்பிக்கை போச்சு. அதுதானே நம் முதல்?

கேட்க வேண்டியவை

1. எத்தனை பாத்தி, எத்தனை பருவம் பார்த்தார்கள்?
2. ஒப்பிட, கரைசல் தெளிக்காத பாத்தி இருந்ததா?
3. எத்தனை விஷயம் அளந்தார்கள், எத்தனையைச் சொல்கிறார்கள்?
4. எதிலிருந்து எதற்கு? 1 மூட்டை 2 ஆனாலும் ‘இரட்டிப்பு’, 20 மூட்டை 40 ஆனாலும் ‘இரட்டிப்பு’தான்.
5. சொல்கிறவர் எதையாவது விற்கிறாரா?

நாமே சோதனை செய்வதானால், எதை அளக்கப்போகிறோம் என்பதை விதைக்கும் முன்னாலேயே நோட்டில் எழுதிவிடுங்கள். தெளித்தது நாலு பாத்தி, தெளிக்காதது நாலு பாத்தி, வயலில் கலந்து கலந்து இருக்கட்டும். வாய்க்கால் ஓரம் முழுக்க ஒரே வகைக்குப் போய்விடக் கூடாது. பலன் தராததையும் எழுதுங்கள். பக்கத்துக் காட்டுக்காரர் காசும் உழைப்பும் மிச்சமாகும்.