புதிரும் நண்பர் குழாமும்

நான்கு எழுத்துச் சொல் ஒன்று. அது வயலில் விளைவது. அதன் இரண்டாம் எழுத்தைக் களைந்துவிட்டால் எஞ்சுவதும் வயலில் விளைவதே. எழுத்து எதனையும் களையாமல் முதல் எழுத்தை மட்டும் மாற்றினாலோ, அது கொல்லன் உலைக்களத்துக்குச் சென்றுவிடும். அச்சொல் யாது?

'கரும்பு' என்பது விடை. 'ரு' நீங்கின் கம்பு. 'க' என்பது 'இ' ஆயின் இரும்பு. தமிழ் எழுதப் படிக்கக் கற்ற பத்து வயதுச் சிறுவன் இதனைச் சிறிது நேரத்தில் அவிழ்த்துவிடுவான். ஆனால் ஹைதராபாத்தில் தமிழரும் தெலுங்கரும் உருது பேசுவோரும் ஒரே மேசையில் அமர்ந்து நண்பகல் உணவு கொள்ளும் அலுவலகம் ஒன்றில் இப்புதிரை மொழிபெயர்த்துச் சொன்னால் என்னாகும்? தெலுங்கில் கரும்பு செரகு; கம்பு சஜ்ஜலு; இரும்பு இனுமு. உருதுவிலோ கன்னா, பாஜ்ரா, லோஹா. மூன்று சொற்களும் பொருளளவில் பழுதின்றிப் பெயர்க்கப்பட்டுவிட்டன. புதிர் மட்டும் மறைந்துவிட்டது. மொழிபெயர்ப்பைத் தொழிலாகக் கொண்ட எம்போன்றோர்க்கு இதைவிடத் தெளிவான பாடம் கிடைப்பதரிது.

எண்புதிர் அத்தகையதன்று. அது எம்மொழியிலும் குடியேற வல்லது. 2010-ஆம் ஆண்டு ஆகஸ்டு 19 முதல் 27 வரை இதே ஹைதராபாத் நகரில் உலகக் கணித அறிஞர் பேரவை கூடிற்று. இந்தியாவில் அப்பேரவை நடைபெற்றது அதுவே முதன்முறை. பல மொழி பேசுவோர் ஒரே கரும்பலகையைப் படித்து இன்புற்றனர். அவ்வமயம் நம் விசுவநாதன் ஆனந்த், பேரவைக்கு வந்தோர் முதலிய நாற்பது பேருடன் ஒரே வேளையில் சதுரங்கம் ஆடினார். அதற்கும் மொழிபெயர்ப்பாளர் எவரும் தேவைப்படவில்லை.

எண்புதிரின் இக்குடியேற்றம் தக்காணத்துக்குப் புதியதன்று. ஒன்பதாம் நூற்றாண்டில் இராஷ்டிரகூட மன்னன் அமோகவர்ஷன் காலத்தில் வாழ்ந்த மகாவீராசாரியர் 'கணிதசாரசங்கிரகம்' என்னும் வடமொழி நூலை இயற்றினார். அம்மன்னனின் தலைநகரான மான்யகேடம், 1956 வரை ஹைதராபாத் இராச்சியத்தைச் சேர்ந்திருந்து, இன்று கர்நாடகத்தின் கலபுரகி மாவட்டத்தில் உள்ளது. பெருக்கினால் மாலைபோல் இருபுறமும் ஒத்துவரும் எண்களை அவர் விரும்பிக் கோத்தார். 139-ஐ 109-ஆல் பெருக்கினால் 15151 வரும். 152207-ஐ 73-ஆல் பெருக்கினால் எட்டு ஒன்றுகள் வரிசையாக நிற்கும். பதினோராம் நூற்றாண்டினர் எனக் கருதப்படும் பாவுலூரி மல்லனர் இந்நூலைத் தெலுங்குச் செய்யுளாக்கியபோது, சமணச் சார்பான எடுத்துக்காட்டுகளுக்கு ஈடாகச் சைவச் சார்பானவற்றை அமைத்தார். கதையில் வரும் அடியார்கள் மாறினர், கணக்கு மாறவில்லை.

இனி, நண்பர் இருவர் கூடி அவிழ்த்த புதிர்களுள் நம் நாட்டார் அனைவரும் அறியத்தக்க ஒன்றைக் காண்போம்.

1914-ஆம் ஆண்டு, முதல் உலகப் போர் தொடங்கிய சில மாதங்களில், கேம்பிரிட்ஜில் இந்திய மாணவர் சிலர் இருந்தனர். கும்பகோணத்தில் வளர்ந்து, சென்னைத் துறைமுகக் கழகத்தில் எழுத்தராயிருந்து, அவ்வாண்டு ஏப்ரலில் இங்கிலாந்து சேர்ந்த சீனிவாச இராமானுஜன் ஒருவர். கல்கத்தாவிலிருந்து வந்து கிங்ஸ் கல்லூரியில் பயின்ற பிரசாந்த சந்திர மஹலனோபிஸ் மற்றொருவர். கட்டிலில் கம்பளிகளை விரித்து அவற்றின் மேலேயே படுத்துக் குளிரில் வாடிய இராமானுஜனுக்கு, அவற்றுக்குள்ளே நுழைந்து உறங்க வேண்டும் என்று காட்டிக்கொடுத்தவர் இம் மஹலனோபிஸ்தாம். சைவ உணவினரான இராமானுஜன் தம் அறையில் தாமே சமைப்பார்.

அவ்வாண்டு டிசம்பரில் 'ஸ்ட்ராண்ட்' என்னும் ஆங்கிலச் சஞ்சிகையில், ஹென்றி டுடனி என்னும் புதிர் வல்லுநர் ஒரு கணக்கை வெளியிட்டார். பெல்ஜியத்தின் லுவேன் நகரம் அவ்வாண்டு ஆகஸ்டில் ஜெர்மானியப் படையால் தீக்கிரையாயிற்று. அதன் பல்கலைக்கழக நூலகமும் எரிந்தது. அந்நகரத்துத் தெரு ஒன்றில் வாழ்ந்த ஒருவரைப் பற்றியது அப்புதிர். தெருவின் ஒருபக்கத்து வீடுகளுக்கு 1, 2, 3 என வரிசையாக எண்கள் இடப்பட்டுள்ளன. அவர் வீட்டுக்கு ஒருபுறமுள்ள எண்களின் கூட்டுத்தொகையும், மறுபுறமுள்ள எண்களின் கூட்டுத்தொகையும் சமம். வீடுகள் ஐம்பதுக்கு மேல், ஐந்நூறுக்குள். அவருடைய வீட்டெண் யாது?

மஹலனோபிஸ் இதனைப் படித்தபோது இராமானுஜன் அடுப்பில் காய்கறிகளைக் கிளறிக்கொண்டிருந்தார். மஹலனோபிஸ் பல எண்களை இட்டுப் பார்த்துச் சில நிமிடங்களில் விடை கண்டார். பின்பு புதிரைத் தம் நண்பருக்குப் படித்துக் காட்டினார். இராமானுஜன் கிளறுவதை நிறுத்தவில்லை. விடையை எழுதிக்கொள்ளுமாறு கூறி, ஒரு தொடர் பின்னத்தைச் சொன்னார். அதன் முதல் உறுப்பு சஞ்சிகை கேட்ட விடை. அடுத்தடுத்த உறுப்புகள், வீடுகளுக்கு வரம்பில்லையெனில் கிடைக்கும் பிற விடைகள். வியந்த மஹலனோபிஸ், எவ்வாறு கண்டீர் என வினவினார். இவ்விடை ஒரு தொடர் பின்னமாகவே இருத்தல் வேண்டும் எனக் கேட்டவுடன் தெளிவாயிற்று, எத்தொடர் என எண்ணினேன், அது மனத்தில் தோன்றிற்று என்னும் கருத்துப்பட இராமானுஜன் மறுமொழி தந்தார். நூலகவியல் தந்தையாகிய சீர்காழி எஸ். ஆர். இரங்கநாதன் 1967-இல் வெளியிட்ட இராமானுஜன் வரலாற்று நூலில் மஹலனோபிஸின் இந்நினைவு இடம் பெற்றுள்ளது.

இந்நிகழ்ச்சியைச் சொல்வோர் பெரும்பாலும் இராமானுஜனின் மேதையைப் போற்றுவதோடு நின்றுவிடுவர். மஹலனோபிஸ் செய்ததும் சிறிதன்று. தம்மிடம் விடை இருந்தும் அவர் புதிரை நண்பர் முன் வைத்தார். விடை கிடைத்த பின்னும் மேலும் ஒரு வினா வினவினார். அவ்வாறு வினவாதிருந்தால் அடுப்பங்கரையில் பிறந்த அத்தொடர் பின்னம் காய்கறியோடு ஆவியாய்ப் போயிருக்கும். 1931-இல் கல்கத்தாவில் இந்தியப் புள்ளியியல் நிறுவனத்தை நிறுவி, 1950-இல் தேசிய மாதிரி ஆய்வு தொடங்கக் காரணமாயிருந்து, வினாத்தாளுடன் ஊர்தோறும் சென்று கேட்டறியும் களப்பணிக்கு வழிவகுத்தவர் அவரே என்பதைக் களப்பணியாளர்களுக்கு நினைவூட்ட வேண்டுவதில்லை.

பள்ளிகளில் எண்களை இட்டுப் பார்த்து விடை காணும் மாணவனை, 'வழிமுறை இல்லை' என்று ஒதுக்கிவிடும் வழக்கம் உண்டு. அது தகாது என்பது எம் கருத்து. இட்டுப் பார்ப்பவர் திரட்டித் தரும் எண்களே வழிமுறை காண்பவருக்கு மூலப்பொருள். இப்புதிரையே நால்வர் கூடிச் செய்வதாகக் கொள்வோம்.

ஒருவர் சிறு தெருக்களை ஆராயட்டும். எட்டு வீடுகள் உள்ள தெருவில் ஆறாம் எண் பொருந்தும்: 1 முதல் 5 வரை கூட்டினால் 15, 7-உம் 8-உம் 15. நாற்பத்தொன்பது வீடுகள் உள்ள தெருவில் 35 பொருந்தும். இன்னொருவர், தெருவின் எண்கள் அனைத்தையும் கூட்டினால் வீட்டெண்ணின் வர்க்கம் வருவதைக் கவனிப்பார்: 1 முதல் 8 வரை 36, அது 6-இன் வர்க்கம். ஒருபுறத்துத் தொகையை இருமடங்காக்கி வீட்டெண்ணையும் சேர்த்தால் அதன் வர்க்கமே வரும் என்பது காரணம்.

மூன்றாமவர், வீடுகளின் எண்ணிக்கையையும் அதற்கு அடுத்த எண்ணையும் அருகருகே எழுதுவார்: 8, 9, 49, 50. இவ்விரண்டன் பெருக்குத்தொகையில் பாதியே தெருவின் மொத்தக் கூட்டுத்தொகை. அடுத்தடுத்த எண்களுக்கு ஒன்றைத் தவிரப் பொதுக்காரணி இராது. ஆகவே பாதி ஒரு வர்க்கமாக வேண்டுமாயின், இரண்டில் ஒன்று வர்க்கமாகவும் மற்றது ஒரு வர்க்கத்தின் இருமடங்காகவும் இருத்தல் வேண்டும். 9 என்பது 3-இன் வர்க்கம், 8 என்பது 2-இன் வர்க்கத்தின் இருமடங்கு. 49 என்பது 7-இன் வர்க்கம், 50 என்பது 5-இன் வர்க்கத்தின் இருமடங்கு. எனவே 3/2, 7/5 என்னும் பின்னங்கள் கிடைக்கின்றன. நான்காமவர் இவற்றைப் பார்த்தவுடன், மேலும் கீழும் உள்ள எண்களைப் பெருக்கினால் 6, 35 என வீட்டெண்களே வருகின்றன என்று கூறிவிடுவார்.

அடுத்த பின்னம் காண்பது எளிது. மேலெண்ணையும் கீழெண்ணையும் கூட்டினால் புதிய கீழெண். மேலெண்ணோடு கீழெண்ணின் இருமடங்கைக் கூட்டினால் புதிய மேலெண். 7/5-ஐ அடுத்து 17/12. 17-ஐ 12-ஆல் பெருக்கினால் 204. 17-இன் வர்க்கம் 289. 12-இன் வர்க்கத்தின் இருமடங்கு 288. எனவே தெருவில் வீடுகள் 288. லுவேன் நகரத்தார் வீட்டெண் 204. ஐம்பதுக்கும் ஐந்நூறுக்கும் இடையே வேறு விடையில்லை.

1/1, 3/2, 7/5, 17/12 எனச் செல்லும் இவ்வரிசை, 2-இன் வர்க்க மூலத்தைத் தொடர் பின்னமாக விரித்தால் வருவதாகும். இதில் நம்மவர்க்கு உவகை தருவது ஒன்று உண்டு. 288-ஐ இருமடங்காக்கி ஒன்றைக் கூட்டினால் 577. 204-இன் இருமடங்கு 408. வேள்விக் குண்டம் அமைக்கும் முறை கூறும் போதாயனரின் சுல்வசூத்திரம், சதுரத்தின் மூலைவிட்டத்தை அளக்க, ஒன்றோடு மூன்றிலொன்றும் பன்னிரண்டிலொன்றும் கூட்டி, நானூற்றெட்டில் ஒன்றைக் கழிக்கச் சொல்கிறது. கூட்டிக் கழித்துப் பார்த்தால் வருவது 577/408. செங்கல் அடுக்கியோர் கண்ட பின்னமும் எரிந்த நகரத்து வீட்டெண்ணும் ஒரே வரிசையில் நிற்கின்றன.

17/12-ஐ அடுத்த பின்னம் 41/29. அது 1681 வீடுகள் கொண்ட தெருவில் 1189-ஆம் எண்ணைத் தருகிறது. அதற்கும் அடுத்த தெருவில் வீடுகள் எத்தனை, வீட்டெண் யாது என்பதை அன்பர்கள் தம் நண்பர்களோடு அமர்ந்து கணித்துக்கொள்ளலாம்.