கப்பலுக்குக் காத்திருந்த காலம்



உடுமலைப்பேட்டை வட்டாரத்தில் 1960களில் பள்ளி சென்ற பெரியவர் எவரேனும் உங்கள் இல்லத்தில் இருந்தால், அன்று மதிய உணவாக என்ன கிடைத்தது என்று கேட்டுப் பாருங்கள். பால் பவுடரையும் மக்காச்சோள மாவையும் அவர் நினைவுகூரக் கூடும். 'கேர்' என்னும் தொண்டு நிறுவனத்தின் வழியாக அமெரிக்காவிலிருந்து நம் மாநிலப் பள்ளிகளுக்கு வந்த உணவு அது. எத்தனையோ பிள்ளைகளின் பசி தீர்த்த அவ்வுதவியை நன்றியுடன் நினைப்பதே பண்பு. ஆயினும், உணவு உதவிக்கு இன்னொரு முகமும் உண்டு.

'பி.எல். 480' என்ற அமெரிக்கச் சட்டத்தின்கீழ் 1956 முதல் இந்தியா கோதுமை பெற்று வந்தது. 1965, 1966 ஆகிய ஈராண்டுகளும் பருவமழை பொய்த்தது. 1966இல் மட்டும் ஏறத்தாழ ஒரு கோடி டன் தானியத்தை நாம் இறக்குமதி செய்ய நேர்ந்தது. அவ்வேளையில் அமெரிக்க அதிபர் லிண்டன் ஜான்சன் நீண்டகால ஒப்பந்தத்தைத் தவிர்த்து, கோதுமையைச் சிறிது சிறிதாகவே விடுவித்தார். இந்தியா தன் வேளாண் கொள்கையை மாற்றிக்கொள்ள வேண்டும் என்பது ஒரு காரணம். வியட்நாம் போரை நம் நாடு குறைகூறியது மற்றொரு காரணம். அடுத்த கப்பல் எப்போது வரும் என்று ஒரு தேசமே கடலைப் பார்த்துக் காத்திருந்தது.

அன்று மத்திய உணவு அமைச்சர், நமது அண்டை ஊரான பொள்ளாச்சிக்கு அருகிலுள்ள செங்குட்டைப்பாளையத்தில் பிறந்த சி. சுப்பிரமணியம். 1965 நவம்பரில் ரோம் நகரில் அமெரிக்க வேளாண் அமைச்சர் ஆர்வில் ஃப்ரீமனுடன் பேசி உடன்பாடு கண்டார். மறு ஆண்டு மெக்சிகோவிலிருந்து 18,000 டன் விதைக் கோதுமையை வரவழைத்தார். கையேந்தும் நிலை அகல வழி பிறந்தது.

இங்கே சற்றுச் சிந்தியுங்கள். நோன்புப் பெருநாளில் நாம் கொடுக்கும் ஃபித்ராவுக்கு அளவு உண்டு. பெருநாள் தொழுகைக்கு முன் சேர்ப்பிக்க வேண்டும் என்ற தவணையும் உண்டு. ஏழையின் அடுப்பு, கொடுப்பவரின் மனநிலைக்கு விடப்படவில்லை. நாடுகளுக்கிடையே இத்தகைய ஒழுங்கு உண்டா?

உருவாக்கும் முயற்சிகள் நடந்துள்ளன. 1961இல் உலக உணவுத் திட்டம் தோன்றியது. 1967இல் ஏற்பட்ட உணவு உதவி உடன்படிக்கை, ஆண்டுதோறும் 45 லட்சம் டன் தானியம் தரும் பொறுப்பை வளமிக்க நாடுகள் பங்கிட்டுக்கொள்ளச் செய்தது. அதன் வழிவந்த புதிய உடன்படிக்கை 2013 முதல் நடைமுறையில் உள்ளது.

அன்று பெற்ற இந்தியா, பின்னர் கொடுக்கும் நாடாயிற்று. ஆப்கானிஸ்தானுக்கு 50,000 டன் கோதுமை தர முன்வந்தது. 2022 பிப்ரவரி 22 அன்று முதல் லாரி அணி அட்டாரி எல்லையிலிருந்து புறப்பட்டது. இந்தியா கொடுத்தது, பாகிஸ்தான் வழிவிட்டது, உலக உணவுத் திட்டம் பெற்றுக்கொண்டது. பகை மறந்து பசி தீர்க்க இயலும் என்பதற்கு இதுவே சான்று.

அதே ஆண்டு மே மாதம், உள்நாட்டு விலை உயர்வை அஞ்சி, இந்தியாவே கோதுமை ஏற்றுமதிக்குத் தடை விதித்தது. தன் மக்களைக் காப்பது அரசின் கடமைதான். ஆனால் ஒவ்வொரு நாடும் கதவடைத்தால் பசித்தவர் எங்கே செல்வர்? அவ்வாண்டு ஜூன் மாதம் ஜெனீவாவில் கூடிய உலக வர்த்தக அமைப்பு, உலக உணவுத் திட்டம் மனிதாபிமான உதவிக்காக வாங்கும் உணவுக்கு ஏற்றுமதித் தடை கூடாது என முடிவு செய்தது. தம் மக்களின் உணவுப் பாதுகாப்புக்கு நடவடிக்கை எடுக்கும் உரிமையையும் நாடுகளுக்கு விட்டுவைத்தது.

விதிகள் மட்டும் போதா. பட்டினியைப் போர்க்கருவியாக்குவதை ஐ.நா. பாதுகாப்பு அவை 2018இலேயே கண்டித்தது. எனினும் 2025 ஆகஸ்டில் காஸா நகரப் பகுதியில் பஞ்சம் உறுதி செய்யப்பட்டது. உலக உணவுத் திட்டமோ முற்றிலும் நாடுகளும் பிறரும் விரும்பித் தரும் நிதியையே நம்பியுள்ளது. 2025இல் நிதி குறைந்தபோது, பசித்தவர்களின் பங்கீட்டையே அது குறைக்க நேர்ந்தது. கப்பலுக்குக் காத்திருக்கும் காலம் உலகில் இன்னும் முடியவில்லை.

அடுத்த பெருநாளுக்கு முன் ஃபித்ராவை அளக்கும்போது, உங்கள் பிள்ளைகளை அருகே அழையுங்கள். அளவும் தவணையும் ஏன் என்று சொல்லுங்கள். நம் முன்னோர் காத்திருந்த கதையையும் சொல்லுங்கள். கொடுப்பது தயவு அன்று, கடமை என்று உணர்ந்த தலைமுறையே நாளை நாடுகளையும் அவ்வாறு நடக்கச் செய்யும்.