தெரியுமா? கப்பலேறி வந்த ஞானப்பாட்டுகள்

எல்விஸ் பிரெஸ்லி போட்டியில் வென்ற கிராமி விருதுகள் எத்தனை தெரியுமா? மூன்றே மூன்று! சரி, எதற்கு? இடுப்பை ஆட்டி உலகத்தையே கிறங்கடித்தாரே, அந்த ராக் அண்ட் ரோலுக்கா? அதற்கு ஒன்றுகூட இல்லை! மூன்றும் சர்ச்சில் பாடுகிற பக்திப் பாட்டுகளுக்கு. அதிலும் இரண்டு விருது 'ஹவ் கிரேட் தவ் ஆர்ட்' என்ற ஒரே பாட்டின் புண்ணியம்.

அந்தப் பாட்டு அமெரிக்காவில் பிறந்ததும் இல்லை. 1885இல் ஸ்வீடனில் கார்ல் போபெர்க் என்பவர் இடிமழையில் மாட்டிக்கொண்டார். மழை விட்டதும் கடல் கண்ணாடிபோல் கிடந்ததைப் பார்த்துவிட்டு எழுதிய கவிதை அது. ஜெர்மனுக்குப் போனது, ரஷ்யனுக்குப் போனது, உக்ரைன் பக்கம் ஊழியம் செய்துகொண்டிருந்த ஸ்டூவர்ட் ஹைன் என்ற ஆங்கிலேயர் கையில் ஆங்கிலமானது. பிறகு அமெரிக்காவுக்கு எந்த வழியாகப் போனது தெரியுமா? இந்தியா வழியாக! 1954இல் நாசிக் பக்கத்தில் தேவ்லாலியில் நடந்த கூட்டத்தில் நாகா மலைமக்களின் பாடகர் குழு அதைப் பாட, எட்வின் ஓர் என்ற பிரசங்கியார் கேட்டு மயங்கி, கையோடு கொண்டுபோனார். 1957இல் பில்லி கிரஹாமின் நியூயார்க் கூட்டங்களில் இரவுக்கு இரவு முழங்கியது. எல்விஸ் கைக்கு வந்தது அதற்கெல்லாம் பிறகுதான்.

பினாங்கில் உட்கார்ந்துகொண்டு இந்தக் கதையெல்லாம் எனக்கு எதற்கு என்கிறீர்களா? எங்கள் பெரியப்பாவால்தான். ஜார்ஜ் டவுனில் அவர் வீட்டில் ஞாயிற்றுக்கிழமை பசியாறுவதற்கு முன்பே கேசட்டில் ஜிம் ரீவ்ஸ் பாட ஆரம்பித்துவிடுவார். சர்ச்சுக்குப் போய் கீர்த்தனை பாடிவிட்டு வந்தால், மறுபடியும் ஜிம் ரீவ்ஸ். "வெள்ளைக்காரன் வந்து எழுப்பினாத்தான் உங்க பெரியப்பா எந்திரிப்பாரு" என்பார் பெரியம்மா.

ஜிம் ரீவ்ஸ் பாடகராக ஆகியிருக்கவே வேண்டாதவர், தெரியுமா? பேஸ்பால் பந்துவீச்சாளராக ஒப்பந்தமே போட்டாயிற்று. காலில் ஒரு நரம்பு கெட்டுப்போக, வானொலி அறிவிப்பாளராகி, அங்கிருந்து கன்ட்ரி பாட்டுக்கு வந்தார். அந்தக் காலத்துக் கன்ட்ரி பாடகர்கள் சந்தைக்கடைக்குக் கேட்கிற மாதிரி உரக்கப் பாடுவார்கள். இவர் உதடு மைக்கில் உரசும் அளவுக்கு நெருங்கி, குரலை இறக்கிவிட்டார். அவ்வளவுதான் சூட்சுமம்! அதனால்தான் அவருடைய பக்திப் பாட்டுகளைக் கேட்டால், யாரோ பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்து நமக்காக ஜெபிப்பதுபோல் இருக்கும். 1964 ஜூலை 31 அன்று அவரே ஓட்டிவந்த சின்ன விமானம் நாஷ்வில் அருகே மழைப்புயலில் விழுந்தது. வயது 40.

தாத்தாவுக்கு இந்த ஆளைக் கண்டால் ஆகாது. தாத்தா தோட்டத்தில் கிராணி வேலை பார்த்தவர், ரஜுலா கப்பலில் வந்தவர். ரஜுலா தெரியும்தானே? 1926இலிருந்து 1973 வரை மதராஸ், நாகப்பட்டினம், பினாங்கு, போர்ட் ஸ்வெட்டன்ஹாம், சிங்கப்பூர் என்று ஓடிய கப்பல். ஆரம்பத்தில் மேல்தளத்திலும் கீழ்தளத்திலுமாக 5,000 பேருக்கு மேல் ஏற்ற அனுமதியாம்! தாத்தா கொண்டுவந்தது ஒரு தகரப்பெட்டி, அதற்குள் ஒரு கணக்கு நோட்டு. வரவுசெலவு எழுதுகிற நோட்டில் முழுக்கப் பாட்டு! ஒவ்வொரு பக்கத்திலும் மேலே ராகத்தின் பெயர், பக்கவாட்டில் பென்சிலால் ஒரு சின்னக் குறிப்பு. அந்த நோட்டு இப்போது என்னிடம்தான் இருக்கிறது.

அதில் பாதிக்குமேல் யார் பாட்டு தெரியுமா? தஞ்சை வேதநாயகம் சாஸ்திரியார்! 1774இல் திருநெல்வேலியில் பிறந்தவர். மிஷனரி சுவார்ட்ஸ் ஐயரிடம் படித்தார். அதே ஐயரிடம் படித்த இன்னொரு மாணவர் பின்னால் தஞ்சாவூர் மகாராஜா ஆனார், இரண்டாம் சரபோஜி! கூடப் படித்தவன் ராஜா, இவர் சுவிசேஷக் கவிராயர்.

இங்கேதான் எனக்கு மூச்சே நின்றுவிடுகிறது. கன்ட்ரியும் காஸ்பலும் கலந்ததை அமெரிக்காக்காரர்கள் தங்கள் சொத்து என்று நினைத்துக்கொண்டிருக்கிறார்கள். 1800ஆம் ஆண்டே சாஸ்திரியார் 'பெத்லகேம் குறவஞ்சி' பாடிவிட்டார்! குற்றாலக் குறவஞ்சி வழியில், கூடையும் கோலுமாக வருகிற குறத்தி மலைவளமும் நாட்டுவளமும் பாடிக் குறி சொல்வாளே, அதே குறத்தியைப் பெத்லகேமுக்கு அழைத்துப்போனால் எப்படியிருக்கும்? பட்டணத்துப் பண்டிதர்களும் ரசித்தார்கள், பட்டிக்காட்டுச் சனமும் பாடியது. நாட்டுப்பாட்டு, நற்செய்திப் பாட்டு, இரண்டும் ஒரே தாளில்!

அதற்கும் முன்னால் தமிழ்க் கிறிஸ்தவர்களுக்குப் பாட்டு என்றால் ஜெர்மன் மெட்டு. 1706இல் தரங்கம்பாடியில் இறங்கிய சீகன்பால்கு ஐயரின் வழிவந்தவர்கள் ஜெர்மன் பாட்டுகளைத் தமிழாக்கி, அதே மெட்டில் பாடவைத்தார்கள். அதுதான் ஞானப்பாட்டு. பாமாலைப் புத்தகத்தில் இன்றைக்கும் அந்த மெட்டுகள் உண்டு. பல்லவி, அனுபல்லவி, சரணம் என்று நம் முறையில் வந்தது கீர்த்தனை. 1853இல் அமெரிக்கன் மதுரை மிஷனைச் சேர்ந்த எட்வர்ட் வெப் அவற்றைத் தொகுத்துப் புத்தகமாக்கினார், ஒரு வெள்ளைக்காரர்! பினாங்குத் தமிழ் சர்ச்சுகளில் இரண்டும் பாடுவார்கள். பாமாலை என்றால் எழுந்து நின்று விறைப்பாக, கீர்த்தனை என்றால் தலை தானாக ஆடும். என்னைக் கேட்டால் தலை ஆடுவதே மேல்.

ஆர்மோனியம் இல்லாமல் கீர்த்தனையா என்பீர்கள். அது பாரிஸில் பிறந்தது, தெரியுமா? 1842இல் டெபெயின் என்பவர் காப்புரிமை வாங்கினார். கால்மிதியை எடுத்துவிட்டுத் தரையில் உட்கார்ந்து கையால் துருத்தி போட்டு வாசிக்கிற மாதிரி மாற்றியது கல்கத்தாவில். இன்னும் கேளுங்கள்: 1940இலிருந்து 1971 வரை அகில இந்திய வானொலி ஆர்மோனியத்துக்குத் தடை போட்டிருந்தது! கமகம் வராது என்று குற்றச்சாட்டு. அந்த முப்பத்தொரு வருஷமும் சர்ச்சுகளில் அது பாட்டுக்கு முனகிக்கொண்டுதான் இருந்தது.

நோட்டின் நடுவில் வெள்ளைக்காரப் பாட்டுகளின் தமிழாக்கம் கொஞ்சம். 'அமேசிங் கிரேஸ்' எழுதிய ஜான் நியூட்டன் அடிமைக் கப்பல் தலைவர் என்பது பலருக்குத் தெரியும். 1748இல் புயலில் கடவுளைக் கூப்பிட்ட பிறகும் சில வருஷம் அதே தொழிலைத்தான் செய்தார் என்பது தெரியுமா? நாம் இன்று பாடும் மெட்டு அந்த வரிகளோடு சேர்ந்தது 1835இல், அவர் செத்து இருபத்தெட்டு வருஷம் கழித்து!

ஹொரேஷியோ ஸ்பாஃபர்ட் கதை இன்னும் மோசம். 1873 நவம்பரில் 'வில் டு ஹாவ்ர்' கப்பல் அட்லாண்டிக்கில் மோதி முழுகியது. நான்கு மகள்களும் போனார்கள். மனைவி மட்டும் கரையேறி, தனியே தப்பினேன் என்று தந்தி கொடுத்தார். அவரை அழைத்துவர ஸ்பாஃபர்ட் கப்பலேறினார். பிள்ளைகள் முழுகிய இடத்தைக் கப்பல் தாண்டியபோது மனதில் ஊறியதுதான் 'இட் இஸ் வெல் வித் மை சோல்' என்பார்கள். மெட்டுப் போட்ட பிலிப் பிளிஸ் அந்த மெட்டுக்கு வைத்த பெயர் என்ன தெரியுமா? முழுகிய கப்பலின் பெயரையே! அவரும் 1876 டிசம்பரில் ரயில் விபத்தில் போய்விட்டார். தாத்தாவின் நோட்டில் இந்தப் பாட்டுக்குப் பக்கத்தில் இருக்கும் குறிப்பு: "11.12.41. மேசைக்கு அடியில்." ஜப்பான்காரன் ஜார்ஜ் டவுனில் குண்டு போட்ட நாள்.

அதற்கப்புறம் அந்தப் பக்கத்தை நான் சும்மா புரட்டுவதில்லை.

துக்கத்தில் பிறந்த பாட்டு இன்னொன்றும் உண்டு. கறுப்பர்களின் காஸ்பல் இசைக்குத் தந்தை என்று போற்றப்படும் தாமஸ் டார்சி முதலில் 'ஜார்ஜியா டாம்' என்ற பெயரில் ப்ளூஸ் வாசித்தவர், கொஞ்சம் பச்சையான பாட்டெல்லாம் உண்டு! 1932இல் அவர் வெளியூரில் வாசித்துக்கொண்டிருக்க, சிகாகோவில் மனைவி பிரசவத்தில் இறந்தார், குழந்தையும் தங்கவில்லை. அந்தத் துக்கத்தில் வந்ததுதான் 'பிரெஷஸ் லார்ட்'. 1968இல் மார்ட்டின் லூதர் கிங் இறுதிச் சடங்கில் மஹாலியா ஜாக்சன் பாடியது அதையேதான்.

ஹாங்க் வில்லியம்ஸின் 'ஐ சா த லைட்' பாட்டில் வருகிற வெளிச்சம்? கச்சேரி முடிந்து நள்ளிரவில் காரில் திரும்பும்போது, ஊர் வந்துவிட்டது என்று அவர் அம்மா காட்டிய விமான நிலைய விளக்கு! அதைக் கேட்டதிலிருந்து, ராத்திரி பட்டர்வொர்த்திலிருந்து ஃபெரியில் வரும்போது ஜார்ஜ் டவுன் விளக்குகளை நான் வேறு மாதிரி பார்க்கிறேன்.

அந்த ஃபெரியில் அக்கரைக்குப் போய், ஜூலை 26ஐ ஒட்டிப் புக்கிட் மெர்தாஜாம் அன்னம்மாள் திருத்தலத்துக்குப் போயிருக்கிறீர்களா? தமிழ், சீனம், மலாய், ஆங்கிலம் என்று நான்கு மொழியிலும் பூசை. மெழுகுவர்த்தியோடு நடக்கிறவர்களில் இந்துக்களும் உண்டு. போன முறை எனக்கு முன்னால் நெற்றியில் விபூதியோடு ஒரு அம்மா, மெழுகு விரலில் சொட்டச் சொட்ட, மாதா பாட்டை ஒரு வரி விடாமல் பாடிக்கொண்டு போனார்.

நோட்டுக்கு வருவோம். கடைசிப் பக்கத்தில் கையெழுத்து மாறுகிறது. தாத்தாவுடையது இல்லை, பெரியப்பாவுடையது. ஜிம் ரீவ்ஸ் பாட்டு ஒன்று, முழுக்க ஆங்கிலத்தில், ராகம் எழுத வேண்டிய இடம் காலி. பக்கவாட்டில் பென்சில் குறிப்பு மட்டும் தமிழில்: "3.8.64. ரேடியோவில் கேட்டேன். அப்பாவிடம் சொல்லவில்லை." அதற்குக் கீழே தாத்தாவின் கையெழுத்தில் ஒரே வார்த்தை: "தெரியும்."