காதுக்குள் எச்சரிக்கை மணி... காதுக்கு யார் எச்சரிக்கை?

"வைத்தியரய்யா, ரெண்டு மாசமா காதுக்குள்ள கொய்ங்குனு ஒரே எரைச்சலுங்க. ராத்திரியில தூக்கமே புடிக்கறதில்லீங்க" என்று வந்தார் கோபிக்குப் பக்கத்து ஊர்க்காரர் ஒருவர். வாடகைக் கார் ஓட்டுகிறார். சத்தி, புளியம்பட்டி, அன்னூர் வழியாகக் கோவைக்கு வாரத்தில் ஐந்து நாள் போய் வருகிறவர்.

காதைப் பார்த்தேன். வலது காதில் அழுக்கு உள்ளே தள்ளப்பட்டு இறுகிக் கிடந்தது. "காதுல என்னத்தை மாட்டறீங்க?" என்றேன். சட்டைப் பையிலிருந்து ஒரு புளூடூத் ஹெட்செட்டை எடுத்து நீட்டினார். போன் பேச என்றுதானே நினைக்கிறீர்கள்? அதுதான் இல்லை! வழியில் வேகம் பார்க்கும் கேமரா இருந்தால் செல்போன் முன்கூட்டியே குரல் கொடுக்குமாம். அது தப்பாமல் கேட்க வேண்டும் என்றுதான் நாள் முழுக்க மாட்டியிருக்கிறார்.

இப்படி மாட்டிக் கொள்கிறவர்கள் இப்போது நிறையப் பேர். அதனால் விவரமாகவே பார்த்து விடுவோம்.

எப்படி வேலை செய்கிறது?

ரயில் கூவிக் கொண்டே நம்மைக் கடக்கும்போது கவனித்திருப்பீர்கள். கிட்ட வரும்போது ஓசை கூர்மையாக இருக்கும். கடந்து போனதும் சட்டென்று தணியும். ரேடார் துப்பாக்கியின் சூட்சுமமும் இதுதான். அது அனுப்பும் ரேடியோ அலை வண்டியில் பட்டுத் திரும்பும். திரும்பிய அலை எவ்வளவு மாறியிருக்கிறது என்பதை வைத்து வேகத்தைக் கணக்கிட்டு விடுகிறது.

அந்த அலையை மோப்பம் பிடித்துக் 'கீ கீ' என்று கத்தும் கருவிதான் ரேடார் டிடெக்டர். அமெரிக்காவில் பலர் காரில் வைத்திருக்கிறார்கள். அங்கேயும் வர்ஜீனியா மாநிலத்தில் அதற்குத் தடை. லேசர் துப்பாக்கி என்றால் இந்தக் கருவி அவ்வளவாகப் பலிக்காது. லேசர் கதிர் மிக மெல்லியது. கருவி கத்துவதற்குள் வேகம் பதிவாகியிருக்கும்.

நம் ஊரில் அந்த வேலையைச் செல்போன் செய்கிறது. 2019-ல் கூகுள் மேப்ஸில் கேமரா எச்சரிக்கை இந்தியாவுக்கும் வந்தது. இது எந்த அலையையும் பிடிப்பதில்லை. வரைபடத்தில் குறித்து வைத்த இடத்தைச் சொல்கிறது, அவ்வளவுதான். இன்று காலை ஒரு புளிய மரத்தடியில் புதிதாக வந்து நிற்கும் போலீஸ்காரரை, யாராவது குறித்து வைத்தால் ஒழிய, அதற்குத் தெரியாது.

காதுக்கு என்ன ஆகிறது?

கண் முன்னால் இருப்பதை மட்டும்தான் பார்க்கும். காதோ நாலா பக்கமும் காவல் காக்கும். பின்னால் வரும் லாரியின் ஹாரன், ஆம்புலன்ஸ், தன் வண்டி டயரின் வித்தியாசமான சத்தம் எல்லாவற்றையும் முதலில் சொல்வது காதுதான். அதை அடைத்து விட்டால் பாதிக் காவலாளியை வீட்டுக்கு அனுப்பிய மாதிரி. கார் ஓட்டும்போது இரண்டு காதையும் மூடக் கூடாது என்று கலிபோர்னியா மாநிலத்தில் சட்டமே உண்டு.

அடுத்தது சத்தத்தின் அளவு. காற்றும் என்ஜினும் இரைய இரைய, ஹெட்செட்டின் ஒலியை நாமே கூட்டிக் கொண்டு போகிறோம். பெரியவர்களுக்கு 80 டெசிபல் ஒலி வாரத்துக்கு 40 மணி நேரம் வரை பாதுகாப்பானது என்பது உலக சுகாதார நிறுவனத்தின் கணக்கு. அதுவே 90 டெசிபல் ஆனால் வாரத்துக்கு 4 மணி நேரம்தான்! பைக்கில் 100 கி.மீ. வேகத்தில் போனால் ஹெல்மெட்டுக்குள் காற்றின் இரைச்சலே 90 டெசிபலைத் தாண்டி விடும். அதற்கு மேலே ஹெட்செட் கேட்க வேண்டுமென்றால் எவ்வளவு அலற வேண்டும், யோசித்துப் பாருங்கள்.

உள் காதில் இருக்கும் நுண்ணிய மயிரிழைச் செல்கள் ஒரு தடவை அழிந்தால் மறுபடி முளைப்பதில்லை. அதை உயிர்ப்பிக்க எந்தத் தைலமும் கிடையாது. சித்த வைத்தியனாகிய நானே சொல்கிறேன், நம்புங்கள்.

போதாததற்கு, காதை மணிக்கணக்கில் அடைத்து வைத்தால் வியர்வை தேங்கும். பூஞ்சை பிடிக்கும், அரிப்பு வரும், அழுக்கு உள்ளே தள்ளப்படும்.

அடக்க வேண்டிய வேகம்

சித்த மருத்துவத்தில் அடக்கக் கூடாத வேகங்கள் என்று பதினான்கு உண்டு. கொட்டாவியும் தூக்கமும் அதில் சேர்த்தி. தூக்கம் வந்தால் வண்டியை ஓரம் கட்டிப் படுத்து விட வேண்டும். ஆனால் நாம் அதை அடக்குகிறோம். அடக்க வேண்டிய வண்டி வேகத்தை விட்டு விடுகிறோம்!

72 கி.மீ. வேகம் என்றால் நொடிக்கு 20 மீட்டர். 'கீ' என்ற சத்தம் காதில் விழுந்து, திடுக்கிட்டுப் பிரேக்கை மிதிப்பதற்குள் ஒரு நொடி போய் விடும். பின்னால் வருகிறவருக்கு அந்தச் சத்தம் கேட்கவில்லையே, அவர் என்ன செய்வார்?

அந்த மணி கேமராவைச் சொல்லும். குறுக்கே வரும் கன்றுக்குட்டியையும், பந்தைத் துரத்தி ஓடி வரும் குழந்தையையும் சொல்லுமா? கேமராவைச் சொல்ல நெடுஞ்சாலையில் பலகையே இருக்கிறது. 2021-ல் வந்த 167ஏ விதிப்படி, கண்காணிக்கும் பகுதிக்கு முன்பே அறிவிப்பு வைக்க வேண்டும்.

என்ன செய்யலாம்?

* செல்போனைத் தாங்கியில் பொருத்தி, கார் ஸ்பீக்கரில் மெல்லிய ஒலியில் வழி கேளுங்கள். போன் நோண்டுவதை வண்டி எடுக்கும் முன்பே முடித்து விடுங்கள்.
* கேமரா எச்சரிக்கையை விட, வேக எல்லையைத் தாண்டினால் ஒலிக்கும் எச்சரிக்கை உத்தமம்.
* பைக்கில் போகிறவர்கள் காதில் எதையும் செருக வேண்டாம்.
* ஒருவர் மாட்டிய கருவியை இன்னொருவர் மாட்டக் கூடாது. தினமும் துடைத்து வையுங்கள்.
* காது இரைகிறது என்று எண்ணெயைக் காய்ச்சி ஊற்றாதீர்கள். செவிப்பறையில் ஓட்டை இருந்தால் ஆபத்து. ஊக்கு, தீக்குச்சி, பட்ஸ் எதுவும் வேண்டாம்.
* திடீரென்று ஒரு காது கேட்காமல் போனால் கைவைத்தியம் பார்த்துக் கொண்டிருக்காமல் அன்றைக்கே காது, மூக்கு, தொண்டை நிபுணரிடம் போய் விடுங்கள். நாள் தள்ளினால் கேட்கும் திறன் திரும்பாமலே போகலாம்.

கோபியிலிருந்து கோவைக்கு விரட்டிப் போனால் மிச்சமாவது பத்து நிமிஷம் இருக்குமா? அந்தப் பத்து நிமிஷத்தை வீட்டிலிருந்து கிளம்பும்போதே சேர்த்துக் கொண்டால் எந்த மணியும் தேவையில்லை. அபராதமும் மிச்சம், காதும் மிச்சம். பதறாத காரியம் சிதறாதுங்க!