வீட்டிலேயே செய்யும் சிஎன்சி இயந்திரம்: பால் ஸ்க்ரூ, லீனியர் ரெயில் தேர்வு செய்வது எப்படி?

மாணவர்களே, தொழில்நுட்பத் தலைப்பு வந்தாலே நம் கட்டுரைகள் "இன்றைய நவீன உலகில்" என்று தொடங்கி, அங்கேயே நின்றுவிடுகின்றன. ஒரு பொருளை ஏன் எடுத்தோம், இன்னொன்றை ஏன் ஒதுக்கினோம் என்று காரணத்தோடு சொன்னால்தான் அது விளக்கக் கட்டுரை. அதற்குத் தோதான பொருள் ஒன்றை இங்கே எடுத்துக்கொள்வோம். ரோபோட்டிக் கழகத்தில் இருக்கும் சில மாணவர்கள் வீட்டிலேயே சிஎன்சி செய்யப் பார்க்கிறார்கள். தவறான பாகத்தை வாங்கிவிட்டால் அப்பா அம்மாவின் சில நூறு ரிங்கிட் வீண்தான். ஆகவே ஆசிரியர்களும் கொஞ்சம் தெரிந்து வைத்திருப்பது நல்லது.

சிஎன்சி என்பது கணினி சொல்லும் அளவுப்படி மரத்தையோ அலுமினியத்தையோ வெட்டும் இயந்திரம். மோட்டார் சுற்றுகிறது. அந்தச் சுற்றலை நேர்கோட்டு நகர்வாக மாற்றுவது ஸ்க்ரூ. நகர்வு கோணாமல், ஆடாமல் போகப் பாரத்தைத் தாங்குவது ரெயில். இந்த இரண்டு வேலையையும் குழப்பிக்கொள்ளக் கூடாது. ஸ்க்ரூவின் மேல் பாரத்தை ஏற்றினால் அது வளையும், சீக்கிரம் தேயும்.

முதலில் ஸ்க்ரூவைப் பார்ப்போம். முப்பரிமாண அச்சு இயந்திரங்களில் இருக்கும் சாதாரணத் திருகில், பித்தளை நட்டு தண்டோடு உரசிக்கொண்டே நகரும். பால் ஸ்க்ரூவில் நட்டுக்குள் எஃகுக் குண்டுகள் உருண்டு ஓடுகின்றன. உரசலுக்குப் பதில் உருளல், அவ்வளவுதான் வித்தியாசம். ஆனால் விளைவு பெரியது. சாதாரணத் திருகில் மோட்டாரின் உழைப்பில் ஏறக்குறைய 20 முதல் 40 விழுக்காடுதான் பயன்படும். பால் ஸ்க்ரூவில் 90 விழுக்காடு வரை பயன்படும்.

அடுத்தது "ஆட்டம்". திசை மாறும்போது நட்டுக்கும் தண்டுக்கும் நடுவே இருக்கும் இடைவெளியைத்தான் அப்படிச் சொல்கிறோம். அது 0.1 மி.மீ. இருந்தால்கூட, நீங்கள் வெட்டும் வட்டம் சரியான வட்டமாக வராது. அச்சு திசை மாறும் நான்கு இடங்களிலும் சின்னச் சின்னத் தட்டையோ படியோ தெரியும். மரப்பலகையில் பெயர் செதுக்க மட்டும் என்றால் இதைப் பொறுத்துக்கொள்ளலாம். பேரிங் உட்காரும் ஓட்டை வெட்ட வேண்டும் என்றால் முடியாது.

கடையில் "1605" என்று எழுதியிருப்பார்கள். 16 மி.மீ. விட்டம், ஒரு சுற்றுக்கு 5 மி.மீ. நகர்வு என்று பொருள். "1610" என்றால் அதே தடிமன், ஒரு சுற்றுக்கு 10 மி.மீ. எது நல்லது? சாதாரண ஸ்டெப்பர் மோட்டார் ஒரு சுற்றை 200 படிகளாகப் பிரிக்கிறது. 5-ஐ 200-ஆல் வகுத்தால் ஒரு படிக்கு 0.025 மி.மீ. வரும். 1610-இல் அது 0.05 மி.மீ. ஆகிவிடும். மாறாக, மோட்டார் நிமிடத்துக்கு 600 சுற்று சுற்றினால் 1605 நிமிடத்துக்கு 3 மீட்டர்தான் ஓடும். 1610 6 மீட்டர் ஓடும். அலுமினியம் வெட்ட நினைப்பவர் 1605 எடுக்கட்டும். பெரிய பலகையில் வேகமாக ஓட்ட வேண்டியவர் 1610-ஐ யோசிக்கலாம். நீளத்தையும் மறக்காதீர்கள். தண்டின் நீளம் இரண்டு மடங்கானால், அது கயிறு போல் அதிராமல் சுற்றக்கூடிய வேகம் நான்கில் ஒரு பங்காகிவிடும்.

துல்லியத்துக்குத் தரக் குறியீடு உண்டு. வீட்டு வேலைக்கு சி7 போதும், 300 மி.மீ. நீளத்துக்கு ஏறக்குறைய 0.05 மி.மீ. பிழைதான். சி5-க்குக் கூடுதல் காசு கொடுப்பது, சட்டகமே ஆடும் இயந்திரத்துக்கு வீண் செலவு என்பேன்.

ஓர் எச்சரிக்கை. உராய்வு குறைவு என்பதால், மின்சாரம் நின்றதும் பால் ஸ்க்ரூ தானாகவே திரும்பிச் சுற்றலாம். மேலும் கீழும் போகும் இசட் அச்சில் கனமான ஸ்பிண்டில் இருந்தால் அது மெல்ல இறங்கும், சில நேரம் சட்டென்று விழும். கீழே கை இருந்தால்? பிரேக் உள்ள மோட்டாரோ, எடையைத் தாங்கும் ஸ்பிரிங்கோ கட்டாயம் போடுங்கள்.

இனி ரெயில். மலிவானது, இரண்டு முனையில் மட்டும் பிடித்த உருளைத் தண்டு. இயற்பியல் மாணவர்களுக்குத் தெரிந்த கணக்குதான்: நடுவில் பாரம் வைத்தால், நீளம் இரட்டித்தால் வளைவு 8 மடங்கு கூடும். 300 மி.மீ.-க்கு மேல் இதை நான் பரிந்துரைக்க மாட்டேன். அடுத்தது, அடியில் முழு நீளத்துக்கும் அலுமினியத் தாங்கி உள்ள எஸ்பிஆர்16. மூன்றாவது, எச்ஜிஆர்15 போன்ற சதுர ரெயில். மேல், கீழ், இடம், வலம் என நான்கு பக்க விசையையும் தாங்கும். அப்படியென்றால் எல்லாரும் சதுர ரெயிலே வாங்கலாமே? கூடாது. அது சமதளத்தில்தான் உட்கார வேண்டும். பிளைவுட் சட்டகத்தில் முறுக்கினால் பிளாக் இறுகிக்கொள்ளும். மரச் சட்டகத்துக்கு எஸ்பிஆர், சமமான அலுமினிய அல்லது இரும்புச் சட்டகத்துக்குச் சதுர ரெயில் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

நீளக் கணக்கில்தான் பலரும் சறுக்குகிறார்கள். 300 மி.மீ. நகர வேண்டும் என்றால் 300 மி.மீ. ரெயில் போதாது. ஒரு ரெயிலில் இரண்டு பிளாக். அவற்றின் வெளி முனைகளுக்கு இடையே 210 மி.மீ. என்றால் 300 + 210, கொஞ்சம் ஓரம் விட்டு 550 மி.மீ. வேண்டும். ஸ்க்ரூவிலும் முனைகள் பேரிங்குக்காகக் கடைந்திருக்கும், நட்டுக்கும் ஏறக்குறைய 50 மி.மீ. போகும். எனவே 300 மி.மீ. நகர்வுக்கு 450 மி.மீ. ஸ்க்ரூவாவது வாங்குங்கள்.

பொருத்தும்போது ஒரு ரெயிலை மட்டும் நேராக்கி இறுக்குங்கள். இரண்டாவதை லேசாக விட்டு, வண்டியை முன்னும் பின்னும் தள்ளிப் பார்த்து, அது தானாக இணையான பிறகே இறுக்குங்கள். பார்சலைப் பிரித்த ஆர்வத்தில் பிளாக்கையோ நட்டையோ சும்மா கழற்றிப் பார்க்காதீங்க. உள்ளே இருக்கும் குண்டுகள் எல்லாம் தரையில் உருண்டுவிடும்.