ஏரி காத்தவர் கையில் ஊர்

நாட்டின் தலைமைப் பொறுப்பை ஏற்க வருபவருக்கு என்ன முன் அனுபவம் இருக்க வேண்டும்? நமது அரசியலமைப்புச் சட்டம் இக்கேள்விக்கு மிகச் சுருக்கமாகவே விடை கூறுகிறது. இந்தியக் குடியுரிமை வேண்டும்; மக்களவை உறுப்பினராவதற்கு 25 வயதும், குடியரசுத் தலைவராவதற்கு 35 வயதும் நிறைந்திருக்க வேண்டும். முன்னர் இன்ன பதவியை வகித்திருக்க வேண்டும், இன்ன பணியில் தேர்ந்திருக்க வேண்டும் என்று அது நிபந்தனை விதிக்கவில்லை. அதைச் சீர்தூக்கிப் பார்க்கும் கடமை வாக்காளராகிய நம்மிடமே விடப்பட்டிருக்கிறது.

அவ்வாறு சீர்தூக்குவதற்கு ஓர் அளவுகோல், பெருமாள் கோயில் ஒன்றின் சுவரிலேயே பொறிக்கப்பட்டிருக்கிறது.

காஞ்சிபுரம் மாவட்டத்து உத்திரமேரூருக்குச் செல்லும் அன்பர்கள், மூன்று தளங்களில் நின்ற, இருந்த, கிடந்த திருக்கோலங்களில் காட்சி தரும் சுந்தரவரதரைச் சேவித்து மகிழ்வர். அதே ஊரில் உள்ள வைகுண்டப் பெருமாள் கோயிலின் சுவர்களில்தான் முதலாம் பராந்தக சோழர் காலத்துச் சாசனங்கள் இரண்டு உள்ளன. அவை பொது ஆண்டு 919-லும் 921-லும் பொறிக்கப்பட்டவை. ஊர்ச் சபையின் வாரியங்களுக்கு உறுப்பினரைக் குடவோலை முறையில் தேர்ந்தெடுப்பது எவ்வாறு என்பதை அவை விதிகளாக வகுத்துரைக்கின்றன.

குடவோலை என்றதும் பலருக்கு நினைவில் வருவது, பெயரெழுதிய ஓலைகளைக் குடத்திலிட்டுக் குலுக்கி, ஏதுமறியாச் சிறுவன் ஒருவனைக் கொண்டு எடுக்கச் செய்ததே. அந்த ஓலையைப் பெறும் மத்தியஸ்தர் ஐந்து விரல்களையும் அகல விரித்து உள்ளங்கையில் ஏற்க வேண்டும் என்னும் அளவுக்கு விதி நுணுக்கமானது. ஆயினும், யாருடைய பெயர் குடத்துக்குள் செல்லலாம் என்பதே அதனினும் முக்கியமானது. 921-ஆம் ஆண்டு விதிப்படி, 35 வயதுக்கு மேல் 70 வயதுக்கு உட்பட்டவராகவும், வரி செலுத்தும் நிலமும் சொந்த மனையில் வீடும் உடையவராகவும், வேதக் கல்வி பெற்றவராகவும் இருக்க வேண்டும். காரியத்தில் வல்லவராகவும், நேர்வழியில் ஈட்டிய பொருளும் தூய உள்ளமும் கொண்டவராகவும் இருக்க வேண்டும்.

இவற்றுக்குப் பின் வரும் விதி ஒன்று, வங்கிப் பணியில் வாழ்நாளைக் கழித்த என்னைப் பெரிதும் கவர்ந்தது. முன்பு வாரியத்தில் இருந்து, கணக்குக் காட்டாமல் போனவர் மீண்டும் தகுதி பெறார். அவர் மட்டுமல்லர், அவருடைய நெருங்கிய உறவினர்களும் விலக்கப்படுவர். அத்தை மகன், மாமன் மகன் வரை அந்தப் பட்டியல் நீள்கிறது. பொதுப்பணத்தைத் தம்மிடம் வைத்துக்கொண்டு, அடுத்த ஆண்டு மைத்துனரை முன்னிறுத்தும் வழியை நம் முன்னோர் அன்றே அடைத்துவிட்டனர்!

முன் அனுபவத்தைப் பற்றியும் சாசனம் தெளிவாகப் பேசுகிறது. 30 குடும்புகளிலிருந்தும் தேர்ந்த முப்பதின்மருள், தோட்ட வாரியத்திலும் ஏரி வாரியத்திலும் முன்னர்ப் பணிபுரிந்தோர், கல்வியில் முதிர்ந்தோர், வயதில் முதிர்ந்தோர் ஆகியோரிலிருந்தே 12 பேர் சம்வத்சர வாரியத்துக்குக் கொள்ளப்பட்டனர். எஞ்சியோரில் 12 பேர் தோட்ட வாரியத்துக்கும், 6 பேர் ஏரி வாரியத்துக்கும் சென்றனர். பெரும் பொறுப்புக்குச் செல்லும் வழிகளுள் ஒன்று ஏரிக்கரை வழியே சென்றது என்பதை இங்கே காண்கிறோம்.

ஏரியைப் பராமரிப்பவர் சொல்லால் மறைக்க இயலாது. கரை உடைந்தால் ஊரே அறியும். கடைமடைக்கு நீர் எட்டாவிட்டால் உழவர் நேரில் வந்து கேட்பார். செய்ததன் விளைவைக் கண்ணெதிரே காணவும், கேட்டவருக்கு விடையளிக்கவும் அப்பணி ஒருவரைப் பழக்குகிறது.

இந்தப் பயிற்சி நம் தேசத் தலைவர்கள் பலருக்கும் வாய்த்தது. இராஜாஜி 1917-இல் சேலம் நகராட்சித் தலைவரானார். நாட்டின் கவர்னர் ஜெனரலானது 1948-இல். ஜவஹர்லால் நேரு 1923-இல் அலகாபாத் நகராட்சிக்கும், வல்லபபாய் படேல் 1924-இல் அகமதாபாத் நகராட்சிக்கும் தலைமை ஏற்றனர். குடிநீர், சாக்கடை, தெருவிளக்கு, வரி வசூல் என்பன நகராட்சியின் அன்றாட அலுவல்கள். தேசம் அவர்கள் கைக்கு வருமுன் ஒரு நகரம் அவர்கள் கையில் இருந்தது.

பதவியில் கழித்த ஆண்டுகளை எண்ணிவிட்டால் அனுபவத்தை அளந்துவிட்டதாகுமா? ஆகாது. லால் பகதூர் சாஸ்திரி ரயில்வே அமைச்சராக இருந்தபோது, 1956 நவம்பரில் அரியலூர் அருகே நேர்ந்த பெரும் ரயில் விபத்துக்குத் தாமே பொறுப்பேற்றுப் பதவி துறந்தார். அதுவும் மக்களுக்குக் காட்டிய கணக்கே அன்றோ? 1964-இல் அவர் பிரதமரானபோது, வகித்த பதவிகளோடு துறந்த பதவியும் அவருடைய தகுதியாய் நின்றது.

உத்திரமேரூர் முறையைக் குறையற்றதென்று கூறுதல் உண்மையாகாது. அது நிலமுடைய அந்தணர்களின் சபை. பெண்களுக்கோ, உழுது பயிரிட்டோருக்கோ அங்கு இடமில்லை. இன்று 18 வயது நிறைந்த குடிமக்கள் யாவருக்கும் வாக்குரிமை உண்டு. மனையும் நிலமும் தகுதியாவதில்லை. அந்த விரிவு அறத்துக்கு உகந்தது. அதைக் குறைத்துக்கொள்ள எவரும் விரும்பலாகாது. ஆனால் கணக்குக் காட்டாதவருக்கு இடமில்லை என்னும் விதிக்கு மட்டும் ஆயிரம் ஆண்டுகளுக்குப் பின்னும் பழமை தட்டவில்லை.

வங்கியில் ஓர் அதிகாரியைப் பெரிய கிளைக்கு அனுப்புமுன், அவர் பொறுப்பில் இருந்த சிறிய கிளையின் தணிக்கை அறிக்கையைப் பார்ப்பது வழக்கம். வீட்டிலும் அப்படித்தான். கடைக்கு அனுப்பிய பிள்ளை மீதிச் சில்லறையை எண்ணிக் கொடுக்கிறானா என்று பார்த்த பின்னரே அன்னை பெரிய தொகையை அவனிடம் ஒப்படைக்கிறாள். ஊராட்சிக்கும், திருப்பணிக் குழுவுக்கும், நாடாளுமன்றத்துக்கும் அந்த அன்னையின் அளவுகோலே போதுமானது. பிறர் பொருள் இவரிடம் முன்பு ஒப்படைக்கப்பட்டதா? அதைக் காத்தாரா? கேளாமலே கணக்குக் கொடுத்தாரா? வாக்குக் கேட்டு வருவோரைப் பற்றி இம்மூன்றையும் விசாரித்தறிதல் நம் கடமை.

அடுத்த முறை உத்திரமேரூர் செல்லும்போது குழந்தைகளையும் உடன் அழைத்துச் செல்லுங்கள். பெருமாளைச் சேவித்த பின், வைகுண்டப் பெருமாள் கோயில் சுவரின் முன் சற்று நேரம் நின்று, அங்கே எழுதப்பட்டிருப்பதை அவர்களுக்கு எடுத்துச் சொல்லுங்கள். நாளை வாக்களிக்கப் போகிறவர்கள் அவர்களே.